கால் எட்டாத வண்டி

ஏனுங்க,

இன்று காலை உங்கள் ஷூ கண்ணில் பட்டது. ஷெட்டில் என் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடம் பண்ணலாம் என்று மூலையில் கிடந்த சாக்குகளை இழுத்தேன். அவற்றுக்குப் பின்னால் கிடந்தது. பூசணம் பூத்து, ஒரு நாடாவை எலி கடித்திருந்தது. தூக்கி எறியலாம் என்று கையில் எடுத்தவள், என்ன இந்தக் கனம் கனக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன். அடியில் டயர் ரப்பரை வெட்டி இரண்டு அடுக்கு வைத்துத் தைத்து வாங்கியிருக்கிறீர்கள். வெளியே தெரியாமல் இருக்கச் சுற்றிலும் கறுப்பு பாலிஷ் வேறு.

அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, அந்த ஷூவாலேயே சுவரை அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு வருஷம். "உங்களுக்குக் கால் எட்டலீங்க, எட்டலீங்க" என்று நான் இரண்டு வருஷம் தொண்டை வறளக் கத்தினேன். நீங்களும் இரண்டு வருஷம் உங்கள் பைக்கில் ஏறி உட்கார்ந்து, "இங்க பாரு புள்ள, நல்லாத்தான் எட்டுது" என்று காட்டினீர்கள். எட்டியது செருப்புத் தைப்பவரின் கைவேலை. ஆக, உங்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

அந்த வண்டியை நீங்கள் தேர்ந்தெடுத்த கதையை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, காப்பிக் காட்டைச் சுற்றிவந்து, ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் முகம் வாடிவிடும். இப்படிப்பட்ட மனிதர் எட்டு மாதம் செல்போனில் என்ன பார்த்தீர்கள்? யாரோ ஆறடி உயர ஆள் பாலைவனத்தில் மணலைக் கிளப்பிக்கொண்டு போவதை. பனிமலையில் டென்ட் அடித்துத் தூங்குவதை. "அட்வெஞ்சர் பைக்குன்னா இதுதான் புள்ள. ஒரு நாளு லடாக் போலாம்" என்பீர்கள். சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போனாலே ராத்திரி தங்க மாட்டேன் என்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற ஆள்!

ஷோரூமில் அந்தச் சேல்ஸ் தம்பி நல்ல கேள்விதான் கேட்டார். "சார், உங்க ரைடிங் ஸ்டைல் எப்படிங்க? லாங் போவீங்களா, டவுனுக்குள்ள ஓட்டுவீங்களா, மண் ரோடா?"

"எல்லாந்தானுங்க" என்றீர்கள்.

எனக்குப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் சொல்லட்டுமா உங்கள் ஸ்டைலை? முப்பதுக்கு மேல் முள் ஏறாது. எதிரே யார் வந்தாலும் நிறுத்தி, "சாப்டாச்சுங்களா?" என்று கேட்க வேண்டும். ஏற்றத்தின் நடுவில்தான் நிறுத்துவீர்கள். மிளகுக் கொடியில் காய் பிடித்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டுவீர்கள். நூறு முறை நின்று நூறு முறை கிளம்புகிற மனிதருக்கு வேண்டியது உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றுகிற, ஒற்றை ஆளாகத் தள்ளித் திருப்ப முடிகிற சின்ன வண்டி. அதைத்தான் நானும் அன்று சொன்னேன். "அது பொம்பளைங்க வண்டி மாதிரி இருக்குது" என்று என் காதில் கிசுகிசுத்துவிட்டு, கடையிலேயே உயரமான வண்டியைக் காட்டினீர்கள்.

முதல் மாதமே கொண்டை ஊசி வளைவில் சாய்த்தீர்கள். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. மேலே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஓரத்தில் நிறுத்தி, இடது காலைக் கீழே வைக்கப் பார்த்தீர்கள். அங்கே தரை அரையடி பள்ளம். மெதுவாக, மரியாதையாக, ஒரு யானை படுப்பதைப் போல வண்டி படுத்தது. கூடவே நாமும். இருவரும் சேர்ந்து தூக்கினோம். நகரவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு கண்டக்டரும் இன்னும் நாலு பேரும் இறங்கி வந்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, வண்டி உங்களை ஓட்டுதா, நீங்க வண்டியை ஓட்டறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

நீங்கள் பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வெயிட்டு இருந்தாத்தானுங்க ரோட்டுல பிடிமானம்" என்றீர்கள். அந்த நிமிஷத்திலும் வண்டியை விட்டுக்கொடுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் இது ஊர் சிரிக்கிற கதையாக மட்டும் இருந்திருக்கும். இரண்டாம் வருஷ ஐப்பசியில் வந்தது அந்தப் புதன்கிழமை.

என் நர்ஸ் வேலையில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கரடியூருக்குக் கீழே இருக்கும் ஊருக்கு நான் போக வேண்டும். மூன்று நாள் அடைமழை. மண்பாதையில் என் ஸ்கூட்டர் ஏறாது. நடந்து போகிறேன் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. "இந்த மாதிரி ரோட்டுக்குன்னே செஞ்ச வண்டி புள்ள இது. ஏறு" என்று எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு நின்றீர்கள். ஊசி மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் ஒரு சரிவு. குறுக்கே மாடு. பிரேக் பிடித்து, காலை ஊன்றப் பார்த்தீர்கள். சேற்றில் நுனிக்கால் வழுக்கியது.

எனக்கு அடியில்லை. பெட்டி பாறையில் மோதி மூடி தெறித்தது. ஐஸ் பொட்டலங்கள் ஒருபுறமாக உருண்டன. மருந்துக் குப்பிகளில் பாதி உடைந்து, மீதி சேற்றில் கிடந்தன. ஒன்றைக்கூடக் குழந்தைக்குப் போட முடியாது. கீழே அந்த ஊரில் பதினோரு தாய்மார்கள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு, மழையில் இறங்கி வந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் நான் அப்படிப் பேசியதில்லை. "உங்க கவுரவத்துக்கு அந்த ஊருக் கொழந்தைங்கதான் கெடைச்சாங்களா?" என்று கத்தினேன். "இந்த வண்டிய ஒருநாளாவது உங்களுக்காக ஓட்டியிருக்கீங்களா? எவனோ பாக்கணும்னுதானே ஓட்டறீங்க?"

நீங்கள் சேற்றில் மண்டியிட்டு, உடையாத குப்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டீர்கள், அவை வீணென்று தெரிந்தும். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு எனக்கு முன்னால் நடந்தீர்கள். ஊருக்குள் போனதும் நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்களுக்கு முன்னால் கைகூப்பி நின்றீர்கள். "தப்பு என்னுதுங்க. நர்சம்மா மேல ஒண்ணுமில்லீங்க. அடுத்த புதன் மருந்து கண்டிப்பா வருமுங்க" என்றீர்கள். தாடியிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் தலைத்துண்டை எடுத்து உங்களிடம் நீட்டினாள்.

அடுத்த புதன் காலையில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். நடந்தே போனோம். அன்று எனக்கு மனசு முழுக்க இளகிப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள், நானும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பின்னால் வந்தேன். அந்தச் சரிவு வந்ததும் நின்றீர்கள். தரையை உற்றுப் பார்த்தீர்கள்.

"வண்டியோட சஸ்பென்ஷனக் கொஞ்சம் எறக்கியிருந்தா சரியாப் போயிருக்கும் புள்ள" என்றீர்கள்.

உங்களோடு நான் என்னதான் பண்ணியிருக்க முடியும், சொல்லுங்கள்?

தையில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்தபோது, எடை போடும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆம்புலன்ஸில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கினேன். ஊர் முழுக்க நாடி பார்க்கிறவள். என் விரலுக்கடியில் உங்கள் நாடி தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி மலையில் கண்ணைத் திறந்தீர்கள். குனிந்து காதை உங்கள் வாயருகே வைத்தேன்.

"பனி கொட்டும். வண்டிக்குக் கவரப் போடு" என்றீர்கள்.

அவ்வளவுதான். சேலம் போவதற்குள் முடிந்துவிட்டது. கூடவே குடித்தனம் பண்ணியவளிடம் சொல்ல வேறு ஒரு சொல் கிடைக்கவில்லையா உங்களுக்கு? எத்தனை நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன் தெரியுமா? துக்கத்துக்கு வந்தவர்கள் "கடைசியா என்னங்க சொன்னாரு?" என்று கேட்டபோதெல்லாம், "ஒடம்பப் பாத்துக்கோன்னாரு" என்று பொய் சொன்னேன். காரியம் முடிந்த அன்று ஷெட்டுக்குப் போய்க் கவரையும் போட்டேன்.

சித்திரையில் வண்டியை விற்றேன். கோபப்படாதீர்கள். வாங்கியவர் ஒரு கல்லூரி வாத்தியார், நெடுநெடுவென்று இருந்தார். விடுமுறை விட்டால் ஆயிரம் கிலோமீட்டர் போய் வருகிறவராம். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் அம்மிக்கல் போல உட்கார்ந்தன. வளைவில் அவர் திரும்பிப் போன அழகைப் பார்த்தபோதுதான் அது நல்ல வண்டி என்று எனக்கு முதல் முறையாகத் தெரிந்தது. நம் வீட்டுக்கு வழி தவறி வந்த வண்டி, அவ்வளவுதான்.

அதன்பின் ஆனியில் அதே ஷோரூமுக்கு நான் போனேன். காலில் வேலைக்குப் போடும் மழை பூட்ஸ், கையில் காலி மருந்துப் பெட்டி. அதே சேல்ஸ் தம்பி. "மேடம், ஸ்கூட்டர் அந்தப் பக்கமுங்க" என்றார்.

"ஸ்கூட்டர் இருக்குது தம்பி. மண்ணுல வழுக்குது. பெரிய சக்கரம் வெச்ச வண்டி காட்டுங்க" என்றேன்.

மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை பதில் என்னிடம் இருந்தது. ஐம்பதுக்கு மேல் போக மாட்டேன். நாளில் பாதி மண்பாதை, கல். தனியாகத்தான் போவேன், விழுந்தால் தூக்கிவிட ஆள் வராது. வீட்டுக்கு வீடு நிற்பேன். பின்னால் ஆள் இல்லை, இந்தப் பெட்டி இருக்கும். அது ஆடக் கூடாது. சொல்லச் சொல்ல அந்தத் தம்பி மேசைமேல் பரப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டிலும் உட்கார்ந்தேன். ஒன்றில் குதிகால் தூக்கிக்கொண்டது. இறங்கிவிட்டேன்.

மற்றதைக் காட்டி, "இதக் கீழ படுக்க வைங்க தம்பி" என்றேன்.

"என்னங்க மேடம்?"

"விழுந்தா என்னால தூக்க முடியுமான்னு பாக்கணும்."

மேனேஜர் ஓடி வந்தார். புது வண்டியைப் படுக்க வைக்க முடியாது என்று ஒரே பேச்சு. நானும் விடவில்லை. கடைசியில், ஓட்டிப்பார்க்க வைத்திருக்கும் பழைய வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய், பழைய டயர்மேல் சாய்த்தார்கள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. மெக்கானிக் ஒருவர் வந்து, "கையால தூக்காதீங்கக்கா. ஹேண்டிலத் திருப்பி வெச்சு, முதுக சீட்டுல குடுத்து, காலால பின்னாடி நடங்க" என்றார். மூன்றாவது தடவை எழுந்தது. ஷோரூமே கை தட்டியது. நான் ஏன் அழுகிறேன் என்று அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

போன புதன், வாழவந்தி தாண்டி ஒரு இறக்கத்தில் விழுந்தேன். பாசி படிந்த கல்லில் முன்சக்கரம் சறுக்கியது. முழங்காலில் சிராய்ப்பு. முதலில் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு பெல்ட் போட்டுக் கட்டியது அப்படியே இருந்தது, மூடிகூட அசையவில்லை. ஹேண்டிலைத் திருப்பினேன். முதுகைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் எழுந்துவிட்டது. ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து, "இப்பப் பாத்தீங்களா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

மேலே வரப்பில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"யாருகிட்ட நர்சம்மா பேசறீங்கோ?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. "எங்கூட்டுக்காரருகிட்டங்க."

அந்த அம்மா சுற்றும்முற்றும் பார்க்கவில்லை. விறகைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார். "அவரு என்ன சொல்றாரு?"

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் ஈரமண்ணில் முழுசாகப் பதிந்திருந்தன.

"இதவிடப் பெரிய வண்டியா வாங்கியிருக்கலாம்ங்கறாருங்க" என்றேன்.