அடியில் ஒட்டாமல் விட்ட நம்பர்

மச்சான்,

உம்மாவைப் பார்க்க ஏரலுக்குப் போறேன். பொழுது அடைய, மக்ரிபுக்குள்ள வந்திருவேன். சோறு வடிச்சாச்சு. மீன் ஆணம் சட்டியில இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க.

நேத்து நீங்க தண்ணி தெளிக்காம ஒட்டுன பேக்கரி போர்டு முழுக்கக் குமிழ். ஸ்டிக்கரை உரிச்சுப் போட்டுட்டேன். புதுசா வெட்டி, சோப்புத் தண்ணி அடிச்சு ஒட்டி, நடு ரூம்ல நிறுத்தியிருக்கேன். எழுத்தைத் தூக்கி ஒட்டுன டேப்பு மேலயே இருக்கு, அதை இப்ப தொடாதீங்க. ஈரத்தோட இழுத்தா எழுத்தும் கூடவே வந்திரும். மத்தியானம் ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து, ஒரு மூலையை மட்டும் பைய தூக்கிப் பாருங்க. எழுத்து அசையலன்னா உரிங்க. பேக்கரி அண்ணாச்சி சாயந்தரம் அஸருக்குப் பொறவுதான் வருவாக.

தண்ணி தெளிக்கிறது கை நிதானம் இல்லாதவங்க வேலைன்னு சொன்னிய. போர்டைப் பாருங்க.

கடைச் சாவி ஜன்னல்ல இருக்கு.

நஃபீஸத்

போர்டு அடியில போன் நம்பரை மட்டும் ஒட்டல. அவ்வளவு சின்ன எழுத்து தண்ணியில வழுக்கும். அந்த இடம் காஞ்சதும் ஒரே இழுப்புல ஒட்ட உங்க கைதான் வேணும். இதை நேத்தே சொல்லியிருப்பேன். நீங்கதான் கதவைச் சாத்திட்டிய.