குறுக்கே வந்த கோள்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். ரப்பர் ஷீட் காயவில்லை. வீடு முழுக்க அந்தப் புளித்த நாற்றம்.

ஞாயிறு மாலை சபையில் பேச வேண்டும். தலைப்பு: புறக்கோள்கள். வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்கள். இத்தனை வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுத்ததோடு சரி, மைக் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. பயமும் ஆசையும்.

செய்ய: படங்களைப் பெரிதாக்க. பிளஸ் ஒன் விடைத்தாள். சாளை மீன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அப்படி ஒரு கோளின் காற்றில் ஏதோ ஒரு வாயு இருக்கலாமாம். இங்கே கடல் உயிர்கள் விடுவது. தேங்காய்ப்பட்டணம் கரையில் அடிக்கிற வாடையில் அதுவும் உண்டு. வேறு விஞ்ஞானிகள் உறுதியில்லை என்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். "அங்க மீன் இருந்தா அதுக்கும் ஞானஸ்நானம் குடுக்கணுமோ?" என்றேன். இவரும் சிரித்தார். முள்ளை மேசையில் துப்புகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

ஜூலை 10, வியாழன்

பெண்கள் கூட்டம். செயலர் அறிவிப்பு வாசித்தார்: ஞாயிறு மாலை, டீச்சர் "கோள் சொல்லுதல்" பற்றிப் பேசுவார். புறக்கோள் என்று எழுதிக் கொடுத்தேன். இவர்களுக்குத் தெரிந்தது ஒரே கோள்தான்.

செல்வி அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரே, நல்ல தலைப்பாக்கும். நம்ம ஊருக்கு வேண்டியதுதான்." சொன்னது யார்? ஒரு வீட்டுச் சங்கதியை அடுத்த வீட்டில் இறக்கி வைக்காமல் தூக்கம் வராதவள். சீ. வானத்துக் கோள் என்று திருத்தினேன். முகம் சப்பென்று போயிற்று.

ஜூலை 12, சனி

போதகர் கூப்பிட்டு விட்டார். காபி, முந்திரிக்கொத்து. இவ்வளவு உபசாரம் என்றதுமே சந்தேகம். வானத்து விஷயம் வேண்டாமாம், சிலருக்கு மனவருத்தமாம். அறிவித்தபடி கோள் சொல்லும் பாவத்தைப் பற்றியே பேசலாமே என்றார். யாருக்கு வருத்தம்? சொல்ல மாட்டார். பிறகு மெதுவாக, "மீனுக்கு ஞானஸ்நானம்ணு நீங்க சொன்னது கேட்டவங்களுக்குக் கஷ்டம்லா டீச்சர்?"

காபி தம்ளரைக் கீழே வைத்தேன். அதைக் கேட்டது என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறுக்கவில்லை. அடுத்த மாதம் சபைத் தேர்தல், செயலர் பதவிக்கு நிற்கிறார். "நீ மேடையில அதச் சொன்னா எனக்க ஓட்டு போச்சு. ஒனக்க நல்லதுக்குந்தான் சொன்னேன்."

என் நல்லதுக்காம். சொல்லிவிட்டு, சாளைக்கறி மிச்சம் இருக்கிறதா என்று சட்டியைத் திறந்து பார்த்தார். முழுவதையும் தின்றார். அந்தத் தட்டைக் கழுவவில்லை. கிடக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டது. பேசினேன். அவர்கள் கேட்ட தலைப்பு: கோள்.

கோளைப் பெரும்பாலும் நேரே பார்க்க முடியாது என்று தொடங்கினேன். பக்கத்து வெளிச்சத்திலேயே ஒளிந்துகொண்டிருக்கும். குறுக்கே வரும்போது அந்த வெளிச்சம் கொஞ்சம் மங்கும். ஒரு தடவை மங்கியதை வைத்து முடிவு கட்டக்கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள்.

போதகர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். செல்வி அக்கா "சரியாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். நான் சொல்வது எந்தக் கோள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் இவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் ஓட்டுச் சிரிப்பு.

"சில கோள் எட்டாத தூரத்துல இருக்கு. சிலது நம்ம மேசையிலயே இருந்து சாப்பிடும்" என்றேன்.

சபையே சிரித்தது. இவர் மட்டும் மங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி சோறு கேட்டார். நேற்றைய தட்டு அங்கேயேதான் கிடக்கிறது, எறும்பு மொய்த்து. எடுத்துக்கொள்ளட்டும்.