கருப்பட்டிப் பாகில் ஒரு கலம்

நவம்பர் 4 / 06:10
கடலடிக் கூடம், மன்னார் வளைகுடா. பதிவு செய்பவர்: தே. அருமைநாயகம், மரத்தொல்லியல். புயல் எச்சரிக்கையால் துணைக்கப்பல் துறைமுகம் திரும்பிவிட்டது. கூடத்தில் நான் மட்டும். மேலே மிதக்கும் கொள்கலனிலிருந்து குழாய் வழியே சர்க்கரைக் கரைசல் இறங்குகிறது. அதன் பம்பு, இப்பணியை நடத்தும் ஆணையத்தின் கரைக் கட்டுப்பாட்டறையிலிருந்து இயங்குகிறது.

பண்டைய மரக்கலத்தின் நிலை சீர். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் சேற்றில் கிடந்த மரம். பார்வைக்குத் திடம், விரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி. காற்றுப் பட்டால் சுருண்டு நொறுங்கும். ஆகவே அதைத் தூக்காமல், அதைச் சுற்றித் தொட்டியும் அதன்மேல் இக்கூடமும் கட்டினோம். தொட்டி நீரில் நெசவி விடப்பட்டிருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் திருத்திய நுண்ணுயிர் அது. சர்க்கரையைத் தின்று, மரம் இழந்த நாரை உள்ளிருந்தே நூற்கும். கூடவே அமிலம் சுரக்கும். அமிலம் கூடக் கூட அமிலமானியின் எண் குறையும்; அது ஐந்துக்குக் கீழே இறங்கியதும் நெசவி தானே உறங்கிவிடும். அதற்கு வேறு கடிவாளம் வைக்கவில்லை. தேவைப்பட்டதும் இல்லை.

நவம்பர் 5 / 07:30
ஆணியில்லாக் கலம். பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். இடப்பக்க மூன்றாம் பலகையில் ஒரு தையல் பிசகியிருக்கிறது. தைத்தவன் தவறாகத் துளையிட்டு, அதைக் குச்சியால் அடைத்து, சற்றுத் தள்ளி மறுபடி துளையிட்டிருக்கிறான். மற்றெல்லாம் கலம், இந்த ஓரிடம் ஆள். கரைக்குப் படம் அனுப்பும் கூடத்துக் கேமராவுக்கு இது தெரியாது; நுண்ணிய படமெடுக்கும் கருவி புயல் ஓய்ந்தபின்தான் வரும். அதுவரை இது இப்படியே இருக்க வேண்டும்.

நீர் பழுப்பாக மாறியிருக்கிறது. நான் கேட்டது சுத்திகரித்த சர்க்கரை. இந்த வாசனை அதனுடையதன்று. கரையிடம் விளக்கம் கேட்டுள்ளேன்.

நவம்பர் 5 / 11:15
கரைக் கட்டுப்பாட்டறையில் பணியிலிருக்கும் செலஸ்டினாவின் பதில்:

“சார், அது கருப்பட்டி. நம்ம கலத்துக்கு வெள்ளைச் சீனி ஊத்தப்பிடாதுன்னு ஆணையத்துல தீர்மானம் போட்டுட்டாவ. ஒங்களுக்குச் சொல்லியாச்சுன்னுல்லா சொன்னாவ.”

எனக்கு எவரும் சொல்லவில்லை.

நவம்பர் 6 / 06:05
அமிலமானி ஆறரையில் நிற்கிறது, இறங்க மறுக்கிறது. தொட்டியடியில் வெண்மையான படிவு. எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு.

கருப்பட்டிக்கான பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் இறங்குவது கள். இது பனங்காட்டுப் பக்கம் பிறந்த எவருக்கும் தெரியும். அத்தீர்மானத்தில் கையொப்பமிட்ட பதினொருவருக்கும் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அந்த நிமிடத்தைப் பெருமிதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நெசவி உறங்காது. மரத்தின் நுண்ணறைகள் நிறைந்த பிறகும் நூற்றுக்கொண்டேயிருக்கும். மரம் உள்ளிருந்து வெடிக்கும். குழாயின் வால்வை மூட முயன்றேன். அதன் வாயிலும் நெசவியின் வெள்ளைத் திசு வளர்ந்திருப்பதால் மூடவில்லை. பம்பை நிறுத்துமாறு கரைக்கு எழுதினேன்.

நவம்பர் 6 / 16:40
ஆணையச் செயலர் வெற்றிவேந்தனின் பதில்:

“பேராசிரியர் ஐயா, படம் பார்த்தோம். உடைஞ்சு கிடந்த முனை முழுசா வளர்ந்து நிக்குது. அமைச்சர் கண் கலங்கிட்டார். இதைப்போய் நிறுத்தச் சொல்றீங்களே? திறப்பு விழா வரைக்கும் பாகு இறங்கட்டும்.”

வளர்ந்து நிற்பது முனை அன்று. படகின் வடிவத்தில் ஒரு வீக்கம். உண்மையான பலகையில் நீளவாக்கில் முதல் கீறல் விழுந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 7 / 09:20
அமிலம் வேண்டும். ஆய்வகத்தில் இருந்தது ஒரு குப்பி. தொட்டியின் கொள்ளளவுக்கு அது ஒன்றுமில்லை. செலஸ்டினாவிடம் அதைச் சொன்னேன்.

“சமையலுக்குப் புளி கெடக்கும்லா சார்? கரைச்சு ஊத்துங்க. மீனு தானா வரும், கொழம்பாச்சு.”

சிரித்தேன். பிறகு கரைத்தும் ஊற்றினேன். முள் அசையவில்லை.

கயிற்றுத் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. நெசவிக்குக் குறையும் நிறையும் ஒன்றுதான். எங்கு இடைவெளி கண்டாலும் நிரப்பும். பிசகிய தையலை நெருங்க இன்னும் ஒரு சாண்.

நவம்பர் 7 / 13:00
கரியமில வாயு. பெயரிலேயே அமிலம் இருக்கிறது. இத்தனை நேரம் நான் எதை யோசித்துக்கொண்டிருந்தேன்? காற்றுச் சுத்திகரிப்பான் இதுவரை என் மூச்சிலிருந்து பிரித்த வாயு முழுவதும் உருளைகளில் இருக்கிறது. இங்குள்ள அழுத்தத்தில் அதை நீருக்குள் செலுத்தினால் முள் ஐந்துக்குக் கீழே வரும். வெளியேறும் வாயு கூடத்தில் நிறையும். சுத்திகரிப்பானை இயக்கினால் நீரிலிருந்தும் அமிலம் போய்விடும். ஆகவே இயக்கக் கூடாது. மூச்சுக்கு அவசரக்கால முகமூடி; அதன் காற்று நாளை நண்பகல் வரை போதும். பம்பு நின்றால்தான் இவை அனைத்தும் பலிக்கும். கரைக்குச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 7 / 13:50
செலஸ்டினா: “சார், செயலர் மாட்டேன்னுட்டாரு. நான் பம்பை நிறுத்திட்டேன். வேலை போனா போவுது. ஆனா கப்பலு நாளைக்குச் சாயங்காலத்துக்கு முன்ன கெளம்பாது சார். அலை கெடக்க கெடைக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கான். நீங்க வாயுவைத் தெறக்காண்டாம்.”

திறந்துவிட்டேன்.

நவம்பர் 8 / 06:30
அமிலமானி 5.6. முகமூடிக்குள் வியர்வை. கலம் இருண்ட பாகில் கிடக்கிறது. திசுவின் ஓரம் மெலிகிறது.

செயலர்: “படம் மங்கலாத் தெரியுது. விளக்கைக் கொஞ்சம் கூட்டுங்க ஐயா.”

அணைத்துவிட்டேன்.

நவம்பர் 8 / 11:45
4.8. நெசவி உறங்கிவிட்டது. கீறல் நீளவில்லை. திசு, பிசகிய தையலுக்கு நான்கு விரல் முன்பே நின்றுவிட்டது.

முகமூடிக் காற்று முடியப்போகிறது. செலஸ்டினா இரண்டு முறை அழைத்தாள். நலம் என்றேன்.

நவம்பர் 8 / நண்பகல் கடந்து
தலை கனக்கிறது. எழுத்து ஒன்றன்மேல் ஒன்று. திறப்பவர் கவனிக்க. உள்ளே வந்ததும் கதவைச் சாத்துங்கள், காற்றோட்டத்தைப் போட வேண்டாம். நான் கிடப்பதைப் பார்த்துப் பதறிப் போட்டுவிடுவீர்கள். போட்டால் நெசவி விழிக்கும். முதலில் தொட்டியில் அமிலம். நல்ல அமிலம். கடையில் வாங்கியது. எவர் தீர்மானமும் இல்லாதது. முள்ளைப் பாருங்கள். நான்கு வரட்டும். வந்த பிறகு கதவு. கதவுக்குப் பிறகு காற்று. காற்றுக்குப் பிறகு என்னை