கரைவாகு காக்காவின் கடைசிப் பின்னூட்டம்

உலகத்தையே எழுத்தால் மடக்கிவிட்டு என்னிடம் மட்டும் எழுத்துப்பிழைக்கு ஏச்சு வாங்கிய என் கூடப்பிறந்த அன்புக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கி அழிக்கிறேன். இரண்டு வரி எழுதியதும் எழுந்து அடுப்படிக்குப் போகிறேன். அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருகிறேன். உம்மா வாசலில் இருந்தபடியே, "எழுதிட்டியா மகள்?" என்று கேட்கிறார். இல்லை என்றால் ஏசுவதுமில்லை. ஏசினாலாவது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தி. சண்டை முடிந்துவிட்டது காக்கா. சந்தியில் மணல் மூட்டைகள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன, ஆனால் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்ப்பது குறைந்துவிட்டது. இணையமும் வேகமாகிவிட்டது. ஒரு படத்தைத் திறக்கக் கொடுத்துவிட்டு நீங்கள் லுஹர் தொழுதுவிட்டு வருவீர்களே, அந்த நேரத்தில் இப்போது ஐம்பது படம் திறக்கலாம். பார்க்கத்தான் அப்படி ஒன்றும் இல்லை.

நம் தளமும் இருக்கிறது. கணினிச் செய்திகளைத் தமிழில் போடும் அந்தச் சின்னத் தளம். அங்கே சனம் செய்தி வாசிக்க வருவதில்லை, செய்திக்குக் கீழே வாசகர்கள் போடும் பின்னூட்டங்களை வாசிக்கத்தான் வருகிறது என்று சொல்வீர்கள். ஓம், இன்னும் அப்படித்தான். நம் ஊரின் பழைய பெயரை ஒட்டி நீங்கள் அங்கே வைத்துக்கொண்ட 'கரைவாகு காக்கா' என்ற பெயரைத் தெரியாத வாசகர் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தது யாருக்கும் தெரியாது. தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த நம் கொமினிகேஷன் கடைக்குள் நீங்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்வீர்கள், நான் தட்டச்சு செய்வேன். ஒற்றை விரலால் எழுத்துத் தேடும் உங்களை நம்பியிருந்தால் பகிடி ஆறிப்போயிருக்கும்.

புதிய இயங்குதளம் ஒன்றுக்கு இரண்டு மடங்கு நினைவகம் வேண்டும் என்று செய்தி வந்த நாள் நினைவிருக்கிறதா? "எங்கள் ஊர் மாப்பிள்ளை சீதனமாக ஒரு வீடுதான் கேட்பார். இது வீட்டையும் கேட்டு, வீட்டில் இருக்கிறவர்களையும் வெளியே போகச் சொல்கிறது" என்று எழுதச் சொன்னீர்கள். எனக்கு அப்போது வீடு கட்டிக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனாலும் தட்டச்சு செய்தேன்.

உங்கள் பெரிய எதிரி 'வழிப்போக்கன்'. இலவச மென்பொருளுக்காக உயிரைக் கொடுப்பவர். குறை இருந்தால் நாமே திருத்திக்கொள்ளலாம் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதினார். "எங்கள் வீதியும் அப்படித்தான். குழியை அவரவர் வாசலில் அவரவரே நிரப்பிக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் நீங்கள் முடித்தீர்கள். அவர் கனடாவில் இருக்கிறார் என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். இவ்வளவு நேரம் சும்மா இருப்பவர் வெளிநாட்டில்தான் இருக்க முடியுமாம்.

அந்த நாட்களில் வேறு எதைப் பற்றி வாய் திறந்தாலும் நீ எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். எழுத்துருவுக்கும் இயங்குதளத்துக்கும் மட்டும்தான் பயமில்லாமல் சண்டை போடலாம். அதனால்தான் அத்தனை பேரும் அங்கே அப்படி ஆவேசமாகச் சண்டை போட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைத்தீர்கள்? ஒரு நாளும் கேட்கவில்லையே.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உம்மாவும் சம்மாந்துறையில் கல்யாண வீட்டில் இருந்தோம். கடையைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் கடற்கரை வீட்டிலேயே நின்றுவிட்டீர்கள். அடுத்த நாள் சாச்சா உங்களைக் கண்டெடுத்து, மற்றவர்களோடு சேர்த்து அடக்கிவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னார். பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இல்லை, கரண்ட் இல்லை. இன்னாரின் மகன் இன்னார் வபாத்தானார் என்று உங்கள் பெயரை ஊருக்குச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.

இனித்தான் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எழுந்து ஒருமுறை முகம் கழுவிவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நிவாரண அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. ஒரு பகல் இடைவேளையில் நம் தளத்தைத் திறந்தேன். "கரைவாகு காக்கா எங்கே? கடலோரம்தானே இருந்தார்? யாருக்காவது தெரியுமா?" என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். வழிப்போக்கன் மட்டும் ஒன்பது தடவை கேட்டிருந்தார். நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்று எழுதத்தான் உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

அன்றைக்குப் பார்த்து மேலே இருந்த செய்தி, தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதாகாத கைத்தொலைபேசி பற்றியது. அரை மணித்தியாலம் போதுமா, ஒரு மணித்தியாலம் வேண்டுமா என்று இரண்டு பேர் பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் கிடந்தவன் எடுத்து யாரோடு கதைக்கப் போகிறான்?" என்று தட்டிவிட்டு அனுப்பினேன். அது ஆத்திரத்தில் எழுதியது காக்கா, பகிடி அல்ல. ஆனால் உங்கள் பெயரில் அல்லவா போனது? அடுத்த நிமிடமே வரிசை கட்டினார்கள். "காக்கா வந்துட்டார்!" "அல்ஹம்துலில்லாஹ்!" "இந்த வாய்க்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும்!" வழிப்போக்கன், "இனி நான் நிம்மதியாகச் சண்டை போடலாம்" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் ஒரு செய்தி வந்தது, ஒரு பகிடி வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சதுரப் பெட்டிக்குள் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். ஒவ்வொரு சொடுக்குக்கும் "உறுதியா? உறுதியா?" என்று கேட்கும் இயங்குதளம் வந்தபோது, "எங்கள் சந்தியில் இந்த வசதி இருபது வருடமாக இலவசம்" என்று எழுதினேன். நீங்கள் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். உங்களுடையதை விட நன்றாகவும் இருந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஒருவர் சைக்கிளில் வந்து, நிவாரணமாகக் கிடைத்த நம் சுனாமி வீட்டு வாசலில் நின்றார். மூக்குக்கண்ணாடி, சட்டைப்பைக்குள் ஒரு இறுவட்டு. பாண்டிருப்பில் கணக்கு ஆசிரியர், பெயர் தயாபரன். "இது கரைவாகு காக்காட வீடுதானே அம்மா? நான் வழிப்போக்கன்" என்றார்.

பாண்டிருப்பு, காக்கா! கனடா இல்லை. ஐந்து வருடம் நம்மோடு மல்லுக்கட்டிய மனிதர் அடுத்த ஊரில் இருந்திருக்கிறார்.

வீட்டை எப்படிப் பிடித்தார் தெரியுமா? பாதியில் விட்ட ஒரு மென்பொருள் மொழிபெயர்ப்பைப் பற்றி நான் எழுதியது. "எங்கள் புது வீட்டுச் சுவர் மாதிரி. பாதி பச்சை, பாதி நீலம். வர்ணம் தந்தவர்கள் இரண்டு பேர்." சண்டை முடிந்து பாதை திறந்ததும் அந்தச் சுவரைத் தேடி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார், உங்கள் கணினியில் இலவச இயங்குதளம் போட்டுத் தர.

உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் மௌத்தாகி நாலரை வருஷம் மனே. சுனாமியில."

"இல்லம்மா" என்று அவர் சிரித்தார். "நேத்தும் எனக்கு ஏசினவர்."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நான் நின்றேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, "ஏசினது நான்தான் சேர்" என்றேன்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "மாப்பிள்ள வீடு கேக்கிற பகிடி?" என்றார். "அது காக்கா." "வீதிக் குழி?" "காக்கா." "தண்ணிக்குள்ள போன்?" "நான்." "என்ட அக்காட மகளும் அண்டைக்குத்தான்" என்றார் அவர். "அதை வாசிச்சிட்டு நான் சிரிக்கல்ல பிள்ளை. ஆனா நீங்க உசிரோட இருக்கீங்க எண்டு சந்தோசப்பட்டன்."

உம்மாவுக்கு இதெல்லாம் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியைப் பிடித்துக்கொண்டார். "அங்க எத்தின பேர் இரிக்காங்க?"

"ஆயிரம் பேர் வருவாங்க அம்மா" என்றார் தயாபரன்.

"ஆயிரம் பேருக்கு எண்ட புள்ளயத் தெரியும்." உம்மா என்னைத்தான் பார்த்தார். "நாலரை வருஷமா அதில ஒருத்தரும் அவனுக்கு ஒரு துஆ கேக்கல்ல. நீ கேக்க உடல்ல."

காக்கா, அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உங்களை உயிரோடு வைத்திருப்பதாகத்தான் நான் நினைத்தேன். மண்ணுக்குள் நீங்கள் காத்துக்கொண்டிருக்க, உங்களுக்கு வர வேண்டிய பிரார்த்தனையை நான் வாசலில் நின்று மறித்திருக்கிறேன். இதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால் எங்கிருந்து பதில் வரும்?

நேற்று தயாபரன் சேர் மறுபடி வந்தார். "நீங்க அறிவித்தலைப் போடுங்க, முதல் பின்னூட்டம் என்ட. ஆனா உங்கட ஆக்கள் மௌத்துக்குச் சொல்றது எனக்குப் பிழையில்லாம எழுதத் தெரியா" என்று கடதாசியை நீட்டினார். என் ஒவ்வொரு கால்புள்ளிக்கும் சண்டை பிடித்தவர், நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை உரத்து வாசித்துப் பழகிவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

ஆகவே இந்தக் கடிதம் உங்களுக்கு எழுதினாலும் நம் தளத்தில்தான் வருகிறது. எல்லாரும் வாசிக்கட்டும். என்னைப் பொய்க்காரி என்று ஏசுகிறவர்கள் ஏசட்டும், அது எனக்குச் சேர வேண்டியது. உங்களுக்குச் சேர வேண்டியது இது:

ஜனாஸா அறிவித்தல். கல்முனைக்குடியைச் சேர்ந்தவரும், இங்கே கரைவாகு காக்கா என அறியப்பட்டவருமான ஆதம்பாவா நௌஸாத் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னார் மர்ஹூம் ஆதம்பாவா, சுபைதா உம்மா ஆகியோரின் மகனும் ஸபீனாவின் காக்காவும் ஆவார். நல்லடக்கம் சுனாமிக்கு அடுத்த நாளே முடிந்தது. அறிவித்தல் பிந்தியதற்குத் தங்கச்சியே பொறுப்பு. அன்னாருக்காகத் துஆச் செய்யுங்கள்.

இனி உங்கள் பெயரில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன் காக்கா. சண்டை வந்தால் என் பெயரில் போடுவேன், தோற்றால் நானே தோற்பேன். இதற்குக் கீழே யாராவது துஆவோடு ஒரு பகிடியும் எழுதினால் இரண்டையும் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உம்மா திரும்பவும் கேட்கிறார். ஓம் உம்மா, எழுதிவிட்டேன் என்று இந்த முறை சொல்லப் போகிறேன்.

உங்கள் வாயாக இருந்த கை,
உங்கள் தங்கச்சி
ஸபீனா