பாதி திறக்கும் ஜன்னல்

டுலூத்,
நவம்பர் 9

அன்புள்ள கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சௌக்கியம், மனசுக்கு இல்லை. நீ நியூசிலாந்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்து அறையிலிருந்து திருத்தம் சொல்வார், அதனால் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நாங்கள் வளர்க்கக் கூட்டிவரப்போகும் அண்ணன் தங்கை, கீகனும் டெசாவும், ஆகஸ்டிலிருந்து ஆளுக்கொரு வீட்டில் கிடக்கிறார்கள். அவனுக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கு ஒன்பது. இருபதாம் தேதிக்குள் தனித்தனி அறை காட்டினால் சேர்த்து அனுப்புவோம், இல்லாவிட்டால் தங்கை மட்டும்தான் என்று குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். டெசாவுக்கு என் தையல் அறை இருக்கிறது. கீகனுக்கு நிலவறைதான் என்றார் உன் அப்பா. தீப்பிடித்தால் ஏறித் தப்பிக்க அங்கே பெரிய ஜன்னல் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சரி, சுவரை உடைக்கலாம் என்று கிளம்பினார் மகராசன்.

எதிர்வீட்டு டுவேன் கொத்து வேலையிலேயே தலை நரைத்தவர். நான் கை கொடுக்கட்டுமா லோவெல் என்று இரண்டு தடவை கேட்டார். மரியாதைக்கு இரண்டு தடவை வேண்டாமென்றுவிட்டு, மூன்றாவது தடவைதானே நம் ஊரில் நாமெல்லாம் சரி என்று தலையாட்டுவோம்? உன் அப்பா இரண்டாவது தடவையே முகத்திலடித்த மாதிரி, "எனக்கு ரெண்டு கை இருக்குப்பா" என்றார். மனுஷன் பிறகு ஏன் வாயைத் திறக்கப்போகிறார்! வெளியே ஆளுயரக் குழி, உள்ளே வாடகை ரம்பம். சிமெண்டுச் சேறு துணி துவைக்கும் இயந்திரம் வரை வழிந்தது. ஒன்பது நாள் நான் இருமினேன். ஒருவழியாக நாற்பது அங்குல ஜன்னலைப் பொருத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

நகராட்சி ஆள் வந்தான். ஜன்னலைத் திறந்து டேப்பை வைத்தான். "வேலை சுத்தமாத்தான் இருக்கு சார், ஆனா இது பக்கவாட்டுல தள்றது. பாதிதானே திறக்குது? பதினெட்டு அங்குலம் வருது, இருபது வேணுமே" என்றான். வாங்கும்போது முழுச் சட்டத்தையும் அளந்தவர், திறக்கும் வழியை அளக்கவில்லை. கதவு மாதிரி முழுசாகத் திறக்கும் ஜன்னல் வர ஆறு வாரமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பிலிருந்த உருளைக்கிழங்குக் கேசரோலைக் கூட மறந்துவிட்டேன், கரிந்துபோனது.

இத்தனைக்கும் மாடியில் உன் அறை சும்மா கிடக்கிறது, கர்ட். நானே வந்து ஒழிக்கிறேன், தொடாதீர்கள் என்று ஆறு வருஷமாகச் சொல்கிறாய். வந்தது ஒரே தடவை, நாலு நாள். அதைக் கீகனுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டால், உன் அப்பா "அவன் வந்தா எங்க படுப்பான் ஆர்டிஸ்?" என்று என்மேல் பாய்கிறார். அந்த அறையைத் தொடக் கூடாதென்று வீட்டுச் சுவரையே அறுத்த மனுஷனை நான் என்ன சொல்ல? நேற்று அவர் கடைக்குப் போன நேரம் நானே எல்லாவற்றையும் பெட்டி கட்டினேன். உன் ஹாக்கி சட்டைகளை மடிக்கும்போது அழுகை வந்தது, அழுதுகொண்டே மடித்தேன். பெட்டிகளை நிலவறையில் அடுக்கிவிட்டேன். அவற்றுக்குத் தப்பிக்க ஜன்னல் வேண்டாம்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவில் நீ எட்டு வயதில் திருகாணி போட்டு மாட்டிய பெயர்ப்பலகைக்கு முன்னால் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அவன் வாயால சொல்லட்டும், கழட்டறேன்" என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையன் இன்னொருவன் பெயர் போட்ட கதவைத் திறந்து தூங்கப் போகக் கூடாது. இருபதாம் தேதிக்கு முன் கூப்பிட்டு அவரிடம் சொல்லிவிடு.

கடவுள் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். போனை நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார்.

உன்மேல் கோபமும் அதைவிட அதிகப் பிரியமும் உள்ள,
அம்மா