இரட்டைப் பாலம் இரட்டை இல்லை, அக்கா

எத்தனை கோபித்துக்கொண்டாலும் குறையாத பிரியத்துக்குரிய என் தனம் அக்காவுக்கு,

வருகிற வாரம் உனக்கு வருஷத் திதி. கோயிலில் சொல்லியாகிவிட்டது. வடை பாயாசத்தோடு இலை போட வேண்டும் என்று சரசு மதினி உத்தரவு போட்டிருக்கிறாள். யாங்கூனில் வழக்கம்போல் கரன்ட் இல்லை. தையல் மெஷின் சும்மா கிடக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திதிக்கு வருகிற எல்லோருக்கும் இதை வாசித்துக் காட்டப் போகிறேன். கூப்பிடுவது உன்னைத்தான், ஆனால் மற்றவர்களும் கேட்க வேண்டும்.

முதலில் சேதி. நான் உன் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிரான்சில் துலூஸ் என்கிற ஊரில் இருக்கிற பாலம் உனக்கு எப்படிச் சொந்தமானது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. படிக்கப் போன உன் ஒரே பிள்ளை குமார் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் வேலைக்கு நின்றுவிட்டான். வேலைக்கு நடந்து போகும் வழியில் கால்வாய்க் கரையில் நின்று உனக்கு வீடியோவில் பேசுவான். அவனுக்கு அது காலை, உனக்கு மதியம். டாலாவில் உன் மருந்துக் கடையில் கூட்டம் இருந்தாலும் நீ கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். அவன் முகத்துக்குப் பின்னால் சிவப்புச் செங்கல் வளைவுகள், நடுவில் வெள்ளைக் கல் சிற்பம். "அதுக்குப் பேரே இரட்டைப் பாலம்தான், வள்ளி. ராஜா காலத்துது. ரெண்டு வாய்க்கா வந்து சேர்ற இடம்" என்று என்னிடமும் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லுவாய்.

உனக்கு ஏன் பாலத்தின் மேல் அப்படி ஒரு பிடிப்பு என்பது எனக்குத் தெரியும். யாங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற டாலா துறையில்தான் அத்தான் செத்தார். நெஞ்சு வலி வந்தவரை சைக்கா ரிக்‌ஷாவில் வைத்துத் துறைக்குக் கொண்டு வந்தாய். ஆற்றில் பேய்க்காற்று. கப்பலும் விடவில்லை, சம்பான் படகும் இறங்கவில்லை. எதிர்க்கரையில், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற யாங்கூனின் கட்டிடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. காற்று அடங்குவதற்குள் அத்தான் அடங்கிவிட்டார். அப்புறம் உனக்குப் பாலம் இருக்கிற ஊரெல்லாம் புண்ணிய பூமி ஆகிவிட்டது. "எம்புள்ள பாலம் உள்ள ஊர்ல இருக்கான்" என்று நீ சொல்லும்போது உன் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். ஒரு நாள் அங்கே போய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்க வேண்டும் என்றாய். விசா கேட்டாய், இல்லை என்றார்கள். மறுபடி கேட்டாய். அதற்குள் போன மழைக்காலத்தில், மருந்துக் கடையில் நின்றவள் நின்றபடியே சரிந்துவிட்டாய்.

குமார் வரவில்லை.

பெற்ற பிள்ளை இருக்க என் வீட்டுக்காரர்தான் உனக்குக் கொள்ளி வைத்தார். சுடுகாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு அவனுக்குக் காட்டினேன். பாதியில் லைன் போயிற்று. "பிரான்ஸ் போனவனுக்குத் தாய் எதுக்கு?" என்று சரசு மதினி எல்லோரும் கேட்கத்தான் சொன்னாள். நான் மறுக்கவில்லை. எனக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அவனே என்னை அழைத்தான். உனக்கென்று வைத்திருந்த பயணம், சித்தியாவது வாருங்கள் என்று கெஞ்சினான். உனக்குக் கிடைக்காத விசா எனக்குக் கிடைத்தது. அதற்கே எரிச்சல் வந்தது. போகாமலே இருந்திருப்பேன். அவனை நேரில் நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

அங்கே குளிர் இன்னும் விடவில்லை. பிள்ளை இளைத்திருந்தான். ஒரே அறை, அதில் ஒரே கட்டில். அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் தரையில் படுத்தான். காலையில் போனால் ராத்திரிதான் வருவான். நான் அடைபட்டுக் கிடந்து ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தேன். பாலம் எப்போது என்று கேட்டால், "யபாடே சித்தி, போலாம்." குளிருதுடா என்றால், "யபாடே சித்தி." சாம்பார் கரித்துப் போனாலும் "யபாடே"தான். பரவாயில்லை, பரவாயில்லை என்று பர்மா பாஷையில் சொல்லிச் சொல்லி அவன் என் பேச்சை மூடினான். எதற்குத்தான் பரவாயில்லை என்று சொல்லாமல் இருப்பாய் என்று கத்தத் தோன்றியது.

கடைசியில் ஒரு நாள் அரை நாள் லீவு கிடைத்தது. அன்றைக்குப் பார்த்து மழை. நம் ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை. ஊசி போடுகிற மாதிரி விடாமல் தூறுகிற மழை. பஸ்ஸில் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கிவிட்டோம். அவன் போனில் முதலாளியோடு பிரெஞ்சில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தான். லுங்கிக்கு உள்ளே கால்சட்டை, மேலே அவனுடைய பெரிய கோட்டு, முழங்கால் வலி. நான் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"இதுதான் சித்தி" என்றான்.

அக்கா, நீ சொன்னதில் எதுவுமே சரியில்லை. எத்தனை சின்னப் பாலம் தெரியுமா? நம் யாங்கூனிலிருந்து தன்லியினுக்குப் போகிற பாலத்தின் ஒரு கண் அளவுகூட இருக்காது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கிறது. பக்கத்திலேயே பெரிய நெடுஞ்சாலை. லாரியும் காரும் ஓயாமல் இரைந்துகொண்டு போகின்றன. போனில் அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதே இல்லையா? அதைவிட ஒன்று. எண்ணிப் பார்த்தேன். இரட்டைப் பாலம் இல்லை, மூன்று பாலம்.

"என்னடா, மூணு இருக்கு?"

"மொத ரெண்டுதான் சித்தி. அப்புறம் இன்னொரு வாய்க்கா வெட்டி மூணாவது கட்டுனாங்க. பேர மாத்தல."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ரெண்டே இருக்கட்டும்னாங்க."

உன் குணம்தானே அது. வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் சொல்லுவாய்.

சரி, வந்ததற்கு உனக்காகப் பாலத்தின் மேல் நடப்போம் என்று ஏறினேன். மேலே ஏறினால் சிற்பம் தெரியாது. சிற்பம் தெரிய வேண்டுமானால் எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். கார்கள் சேற்றை அடித்துக்கொண்டு போயின. நடந்து முடித்தேன். மனதில் ஒன்றும் வரவில்லை. உன்னை நினைத்து அழுகையாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. குமார் என்னைக் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தான். பிறகு மணி பார்த்தான்.

"போலாமா சித்தி? வேலைக்கு நேரமாச்சு."

அந்த வார்த்தைதான், அக்கா. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"உங்கம்மாவுக்கும் இப்படித்தான் நேரமில்லாமப் போச்சா? அவ நெருப்புல வேகும்போது நீ எங்கடா இருந்த?"

ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள். குமார் போனைப் பைக்குள் போட்டான். ஏதோ சொன்னான். லாரி இரைச்சலில் விழவில்லை.

"என்னடா?"

மறுபடி சொன்னான். மறுபடியும் விழவில்லை.

"சத்தமாச் சொல்லித் தொலையேன்!"

"அம்மாதான் வர வேணாம்னாங்க!" என்று கத்தினான். "நான் செத்தாலும் வராதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க!"

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவன் நிறுத்தவில்லை. பாதித் தமிழிலும் பாதி பர்மா பாஷையிலுமாகச் சொன்னான். ஊருக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போக முடியாமல் நிற்பதை நீ நம் தெருவிலேயே பார்த்தாயாம். சந்தில் போன பையனைப் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்தி, படையில் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போனதையும் பார்த்தாயாம். அன்றைக்கே அவனை அழைத்து, உன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயாம். "சித்திக்கும் சொல்லாதே. அவ அழுதா நீ கெளம்பி வந்துருவே" என்றாயாம்.

"அன்னைக்கு எனக்கு லீவு தரல சித்தி. கடையில காய்கறி வைக்கிற குளிர் ரூம் இருக்கு. அதுக்குள்ள போயி பால் பொட்டி மேல போன வச்சுப் பாத்தேன். சித்தப்பா தீ வச்சாரு, அதோட லைன் போச்சு. திரும்ப வரும்னு ரொம்ப நேரம் நின்னேன். வெரல் மரத்துப் போச்சு. முதலாளி வந்து கதவத் தொறந்து திட்டுனாரு. போயி வெங்காயம் உரிச்சேன்."

"ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"சத்தியம்ல சித்தி. நீங்க திட்டும்போது கேட்டுக்கிட்டேன். யபாடே."

அப்போதும் அதே வார்த்தை. எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கோட்டுப் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்து அவன் தலையைத் துவட்டினேன். குனிந்து நின்றான். சின்ன வயதில் டாலா கப்பலில் நனைந்து வருவானே, அந்த மாதிரி.

திரும்பும்போது பஸ் கிளம்பிப் போய்விட்டது. மரங்கள் வரிசையாக நிற்கிற கால்வாய்க் கரையிலேயே நடந்தோம். அவன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தான். வேலைக்குத் தாமதம் என்றாலும் வேகமாக நடக்கவில்லை. நீ அவனிடம் தினமும் என்ன பேசுவாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சித்தி. யாரு கடன் சொல்லி மருந்து வாங்குனாங்க, கப்பல்ல யாரு சண்ட போட்டாங்க, அவ்ளோதான்" என்றான். அந்த ஒன்றுமில்லாத பேச்சுக்காகத்தான் அவன் இப்போதும் அந்த வழியாகவே வேலைக்குப் போகிறானாம். நேர்வழி வேறொன்று இருக்கிறது.

இப்போது என் கோபமெல்லாம் உன் மேல்தான். பிள்ளையைக் காப்பாற்ற நினைத்தாய், சரி. யார் வேண்டாம் என்றது? ஆனால் அவன் பேரை ஏன் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனாய்? என்னிடம் சொன்னால் அழுவேன் என்றாயே, அழுதால்தான் என்ன? அழுதுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாதா? உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அத்தானைத் துறையில் கிடத்திவிட்டு நீ யார் மடியில் சாய்ந்தாய்? என்னை நம்ப உனக்கு என்ன தடை? எத்தனை கேட்டாலும் நீ பதில் சொல்லப் போவதில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

அதனால்தான் இதை எல்லோர் முன்னாலும் படிக்கிறேன். சரசு மதினியை முன் வரிசையில் உட்கார வைத்துத்தான் படிப்பேன். குமார் வராதவன் இல்லை. வராமல் இருக்கும்படி தாயே கட்டிப்போட்ட பிள்ளை. நீ வாங்கிய சத்தியத்தை அவன் காப்பாற்றினான். உடைப்பது நானாகவே இருக்கட்டும்.

இப்போது மதியத்தில் அவன் என்னை அழைக்கிறான். கரன்ட் இருந்தால் முகம் தெரியும், இல்லாவிட்டால் குரல் மட்டும். உனக்குப் பேச வருகிற மாதிரி எனக்கு வரவில்லை. தைக்கக் கொடுத்தவள் அளவு மாறிவிட்டது என்று சண்டை போட்டதைச் சொல்கிறேன். அவன் சிரிக்கிறான். இனி இந்த வீட்டில் அவனை ஒரு சொல் குறைத்துப் பேச யாரையும் விட மாட்டேன். அவன் தைரியமாக வந்து போகக்கூடிய நாள் வருகிறவரை, நான் இருக்கும்வரை, அந்த மதியப் பேச்சை விட மாட்டேன். இது சத்தியம். நீ வாங்காமல் நானே கொடுப்பது.

உன் மேல் கோபம் இன்னும் ஆறாத,
உன் கூடப் பிறந்தவள்,
குமாருக்குச் சித்தி,
வள்ளி