மேடம் வெளியே போயிருக்காங்க

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் டைப் அடிக்க என் விரல்களுக்குப் பொறுமை இல்லை. அதனால் பழையபடி பேனாதான், சிரிக்காதே.

நீ கேட்ட படங்களை இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்து ஸ்டுடியோக்காரர் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். கடை வாசல், திரைச்சீலை மாட்டிய ஜன்னல், புது உறை போட்ட சோபா, கடைசியில் நான். நல்ல துணி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். "வேலை செய்யுறப்ப எப்படி இருப்பீங்களோ அப்படியே நில்லுங்க, அதுதான் அழகு" என்று விட மறுத்துவிட்டார். அதனால் அந்த ஆம்பளைச் சட்டையும் கழுத்தில் டேப்பும் காலரில் குத்திய ஊசிகளுமாக நிற்கிறேன். காலமெல்லாம் பார்த்த கோலம்தானே உனக்கு.

வெப்சைட் இருந்தால் லாட்ஜ், ஆபீஸ் என்று பெரிய வேலையெல்லாம் தேடி வரும் என்று ஆசை காட்டியது நீதான். செய், ஆனால் கையைக் கடிக்காமல் செய்.

உன் அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடை இப்போது உலகம் முழுக்கத் தெரியும். எல்லாமே இலவசம். பக்கத்தை வைத்துக்கொள்ள இடம் கொடுத்த கம்பெனிக்காரன் தன் பெயரையும் உன் கடைப் பெயரின் வாலில் ஒட்டிவிட்டான், அடியில் ஒரு விளம்பரமும் ஓடும். வியாபாரம் வந்ததும் காசு கொடுத்து நல்ல இடமாக வாங்கி, சொந்தப் பெயரில் மாற்றிக்கொள்ளலாம்.

டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு, தைத்து வைத்த சட்டை மாதிரி. நிறம், எழுத்து, படம் எல்லாம் அதிலேயே வரும். நாம் நம் விவரத்தை எழுதினால் போதும். உன் படம் மட்டும் கொஞ்சம் இருட்டாக விழுந்திருந்தது. அதனால் 'உரிமையாளர்' என்ற இடத்தில் டெம்ப்ளேட்டோடு வந்த படத்தையே இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. நான் சொன்னேனே, என் ஆபீஸ் பெண், அவள் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். வெப்சைட்டை அவர்களுக்கும் அனுப்பினேன். எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

உன் வாலு

ஜூலை 16

அன்புத் தம்பிக்கு,

கல்யாணச் செய்தி படித்ததிலிருந்து தையல் மெஷின் தானாக ஓடுகிறது. அவளை எப்போது கண்ணில் காட்டப் போகிறாய்?

ஸ்டுடியோக்காரரின் கம்ப்யூட்டரில் கடையைப் பார்த்தேன். அடேயப்பா, யாருடா அந்த அம்மா? கோட்டு, தோளில் புரளும் முடி, கையைக் கட்டிக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. நூல் கோக்கத் தெரியுமா அவளுக்கு?

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. போன வாரம் ஒரு தம்பதி போனில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம் இருக்காங்களா?" என்றார்கள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டையில் பஞ்சும் நூலுமாக இருந்தது. "மேடம் வெளியே போயிருக்காங்க" என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் மேடத்தைக் கேட்கிறார்கள், நானும் எல்லோரிடமும் அதையே சொல்கிறேன். என் கடையில் நானே வேலைக்கு இருக்கிறேன். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது கூச்சமாக இருக்கிறது. அந்தப் படத்தை மாற்றிவிடு.

உன் அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

படத்தை மாற்றுவது நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. இலவச இடம் என்பதால் அளவு கம்மி, அது நிரம்பிவிட்டது. நிச்சயம் முடியட்டும், உட்கார்ந்து செய்து தருகிறேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று நாள் வைத்திருக்கிறார்கள். நீ கடையைப் போட்டுவிட்டு அலைய வேண்டாம். வேலை அதிகம் என்றால் நான் இங்கே சமாளித்துக்கொள்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

தம்பி

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்திருந்தார். எல்லா அறைக்கும் திரைச்சீலை. நீ சொன்ன அந்தப் பெரிய வேலை. நான் போய் ஜன்னல் ஜன்னலாக அளவெடுத்தேன். விலையை மேடத்திடம்தான் பேசுவேன் என்றார். மேடம் வெளியே போயிருந்தாள்.

நேற்று கன்னம் வீங்கிப்போய் மறுபடி வந்தார். பல்வலிக்கு டாக்டர் தேடியிருக்கிறார். ஒரு ஆஸ்பத்திரியின் வெப்சைட்டில் அதே அம்மா, அதே கோட்டு, அதே சிரிப்பு. "உங்க மேடம் காலைல பல் புடுங்கிட்டு சாயங்காலம் திரை தைக்கிறாங்களா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான்தான் உரிமையாளர் என்று அப்போது சொன்னேன். "இத்தனை நாள் இல்லாத மேடம் இப்ப எங்கேர்ந்து வந்தாங்க? ஏமாத்துற கடை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, துணி வெட்டும் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் இருட்டு என்றாய். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, காலரில் ஊசி எத்தனை என்று எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம். இடம் இல்லை என்றாய். அவளை எடுத்தால் அந்த இடம் எனக்குப் போதாதா?

அலைய வேண்டாம் என்று நீ எழுதியதை இன்று மறுபடி படித்தேன். பெண் வீட்டில் கேட்டார்களா, படத்தில் இருப்பது யாரென்று? நீ என்ன சொன்னாய்?

அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

கேட்டார்கள். "இவங்கதான் உங்க அக்காவா?" என்றார் அவள் அம்மா. நான் தலையாட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் படம் வந்த அன்றே அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். எழுதவே கை கூசுகிறது.

படத்தை மாற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. அவளுக்கு அனுப்பி உண்மையையும் சொன்னேன். "கூடப் பொறந்தவங்களையே மறைச்சீங்க. நாளைக்கு என்னை யார்கிட்ட மறைப்பீங்க?" என்றாள். உன்னை நேரில் பார்த்த பிறகுதான் நிச்சயத்தைப் பற்றிப் பேசுவாளாம். என்றைக்கு வருவாள் என்று சொல்லவில்லை. வந்தால் என்னை விட்டுக்கொடுக்காதே என்று கேட்க எனக்கு முகமில்லை.

தம்பி

செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

வந்தாள்.

நான் மெஷினில் குனிந்திருந்தேன். வாசலில் ஒரு குரல், "மேடத்தைப் பாக்கணும்." தலை நிமிராமலே சொல்லிவிட்டேன், "மேடம் வெளியே போயிருக்காங்க." நாக்குக்குப் பழகிவிட்டது. நிமிர்ந்தால் ஒரு பெண், கையில் பயணப் பை. என் முகத்தையும் காலரில் குத்திய ஊசிகளையும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. "பரவால்ல, வெயிட் பண்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நான்தான் அந்த மேடம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வரவில்லை, தம்பி. அவ்வளவு வெட்கம். அவள் திரைச்சீலைகளுக்குக் கொக்கி கோத்துக் கொடுத்தாள். மழை, பஸ், நூல் விலை என்று பேசினோம். உன் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. கடை சாத்தும் நேரம் பையைத் தூக்கிக்கொண்டு, "மேடம் வந்தா சொல்லுங்க. நிச்சயத்துக்கு அவங்க வரணும். அவங்க வரலன்னா நானும் அங்க இருக்க மாட்டேன்" என்றாள்.

உன்மேல் அத்தனை கோபமாக இருந்தேன். ஆனால் அன்று என்னை மறைத்தது நீ இல்லை. அதனால் உன்னைத் திட்ட வைத்திருந்ததில் பாதி தொண்டையோடு நின்றுவிட்டது. மீதிப் பாதி நேரில்.

வருகிறேன். வேலைச் சட்டையில் இல்லை, பயப்படாதே. ஆனால் வாசலில் யாராவது இவங்க யார் என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். என் வாயை இப்போது நம்ப முடியாது. நீ பக்கத்தில் நின்று சொல்.

அக்கா